அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது?

"தம்பி, மெமரி ஃபுல்லுன்னு வருது. ஒரு படம்கூட எடுக்க முடியல."

"போனைக் குடுங்கம்மா... ஸ்டோரேஜ்தான் ஃபுல்லு. கொஞ்சம் டெலிட் பண்ணணும். பேக்கப் போட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் தெரியாதுப்பா. பேத்தி காதுகுத்துப் படம் மட்டும் போயிடக் கூடாது."

"கிளவுட்ல இருந்தா பிரச்சினை இல்லம்மா."

"எதுல இருந்தா?"

செல்போன் பழுதுபார்க்கும் கடை வாசலில் ஒரு சாயங்காலம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். ஊர் எதுவாகவும் இருக்கலாம். ஐந்து வரிப் பேச்சுக்குள் ஐந்து சொற்கள்: மெமரி, ஸ்டோரேஜ், டெலிட், பேக்கப், கிளவுட். அம்மா சொன்ன மெமரியும் தம்பி சொன்ன ஸ்டோரேஜும் ஒன்றா, வேறா? விளக்கிச் சொல்லக் கடைத் தம்பிக்கு நேரமில்லை. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். திருப்பிக் கேட்க அம்மாவுக்குக் கூச்சம். ஆனால் காதுகுத்துப் படம் மிஞ்சுமா, போகுமா என்பது அந்தச் சொற்களின் பொருளில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சொற்களை அகராதி மாதிரி வரிசையாக மனப்பாடம் செய்தவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. எந்தச் சொல் வந்தாலும் "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். நம் கையில் உள்ள கருவிக்குள்ளா, போகிற வழியிலா, வேறு யாருடைய இடத்திலாவதா? முக்கால்வாசிச் சொற்கள் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும். காதுகுத்துப் படத்தின் பின்னாலேயே போனால் இது விளங்கும்.

விரித்த ஜமுக்காளமும் பின்னால் உள்ள அலமாரியும்

ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறோம். விற்பனையாளர் பின்னால் உள்ள அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, முன்னால் விரித்த ஜமுக்காளத்தில் பிரித்துப் போடுகிறார். பார்ப்பது, ஒப்பிடுவது, தடவிப் பார்ப்பது எல்லாம் ஜமுக்காளத்தின் மேல்தான். கடை அடைக்கும்போது எல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிடும், ஜமுக்காளம் காலி.

அந்த அலமாரிதான் ஸ்டோரேஜ். ஜமுக்காளம்தான் ராம். போன் பெட்டியில் '8 ஜிபி, 128 ஜிபி' என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். சின்ன எண் ஜமுக்காளத்தின் அகலம், பெரிய எண் அலமாரியின் கொள்ளளவு. இரண்டையுமே ஜனங்கள் 'மெமரி' என்பதால்தான் குழப்பம். 'படம் எடுக்க இடமில்லை' என்றால் அலமாரி நிறைந்துவிட்டது. 'ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் முதல் ஆப் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது' என்றால் ஜமுக்காளம் போதவில்லை; புதுப்புடவை விரிக்க, விரித்ததை மடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது தொல்லைக்குப் படங்களை அழித்துப் பெரிதாகப் பயனில்லை. ராமில் இருப்பது கரண்ட் போனால் மறைந்துவிடும். அலமாரியில் இருப்பது, போனை ஆறு மாதம் அணைத்து வைத்தாலும் இருக்கும். கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கும்போது 'சேவ் பண்ணு, சேவ் பண்ணு' என்று பக்கத்தில் இருப்பவர் அவசரப்படுத்துவது இதனால்தான். சேவ் என்றால் விரித்ததை மடித்து அலமாரியில் வைப்பது.

அப்படி வைத்த ஒவ்வொரு பொருளும் ஒரு ஃபைல், தமிழில் கோப்பு. காதுகுத்துப் படம் ஒரு கோப்பு. குழந்தை அழுத வீடியோ இன்னொரு கோப்பு. பல கோப்புகளைச் சேர்த்து வைக்கும் தட்டு ஃபோல்டர், அதாவது கோப்புறை.

சரி, அந்த ஜிபி என்பது எதன் அளவு? கம்ப்யூட்டருக்குள் கடைசியில் இருப்பது 0, 1 என்ற இரண்டே நிலைகள். அப்படி ஒன்று ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதில் 256 விதமான சேர்க்கைகள் கிடைக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். ஆயிரம் பைட் ஒரு கேபி, ஆயிரம் கேபி ஒரு எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. போனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக மூன்று, நான்கு எம்பி வரும். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தில், இரண்டடி விட்டமுள்ள 50 வட்டுகளை அடுக்கி 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தார்கள். அறை நிறைந்த அந்த இயந்திரத்தில் இன்றைய காதுகுத்துப் படம் ஒன்றே ஒன்று வைக்கலாம். சேவ் பொத்தானில் இன்றும் சதுரமாக ஒரு படம் தெரிகிறதே, அந்த ஃபிளாப்பி வட்டில் 1.44 எம்பிதான் பிடிக்கும். காதுகுத்துப் படம் ஒன்றுகூட நுழையாது.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 64 ஜிபி பென் டிரைவ் வாங்கி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் 60-க்கும் குறைவாகவே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. பொருள் ஒன்றுதான், அளக்கும் படி வேறு.

'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட்

தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் எழுத்து உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது. தமிழைத் தட்டச்சு செய்பவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது.

யூனிகோடு என்பது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொது ஏற்பாடு. அதில் 'க'வுக்கு ஓர் எண். 'கி'க்குத் தனி எண் கிடையாது. 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு எண்கள். மெய்யெழுத்தும் அப்படித்தான், எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று. எனவே 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 15 பைட்.

இதன் விளைவு கையிலேயே தெரியும். ஆங்கில எழுத்தில் எஸ்எம்எஸ் அடித்தால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் வரம்பு 70 ஆகக் குறையும். ஒரு எஸ்எம்எஸ் கொள்வது 140 பைட். ஆங்கில எழுத்துக்கு அங்கே ஏழு பிட் போதும், தமிழுக்குப் பதினாறு பிட் வேண்டும். போனில் குறையில்லை, யாரும் கூடுதலாகக் காசு பிடுங்கவுமில்லை, கணக்கு அப்படி.

யூனிகோடு பரவுவதற்கு முன் இருந்த நிலையை நினைத்தால் இந்தக் கணக்கை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு தமிழ் இணையதளமும் தனக்கென ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துருவை இறக்கிப் போடாவிட்டால் கட்டுரை முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். டிஸ்கி, டாம், டாப் என்று குறியீட்டு முறைகளே பல. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இன்று கும்பகோணத்தில் அடித்த செய்தி டொரண்டோவில் எழுத்துப் பிசகாமல் தெரிவது தானாக நடந்ததல்ல. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வருடக்கணக்கில் மெனக்கெட்டதன் பலன்.

வழியில் என்ன நடக்கிறது?

அம்மா அந்தப் படத்தை சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது அப்லோடு, பதிவேற்றம். மகன் அதை இறக்கிக்கொள்வது டவுன்லோடு, பதிவிறக்கம். நம்மிடமிருந்து போனால் ஏற்றம், நம்மிடம் வந்தால் இறக்கம்.

வீட்டில் 'வைஃபை இல்லை' என்று சொல்வதில் பாதி நேரம் குறை வைஃபையில் இருக்காது. வைஃபை என்பது கூடத்தில் மினுக்கும் ரவுட்டர் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் உள்ள கம்பியில்லா இணைப்பு மட்டும். அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து வரும் ஃபைபர் கம்பி அறுந்திருந்தால், போனில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கும், ஒரு படமும் நகராது. மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் சமையலறைக் குழாயைக் குறை சொல்லி என்ன பயன்? புகார் கொடுக்கும்போது "வைஃபை வருது, நெட் வரல" என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி நாள் மிச்சம்.

'100 எம்பிபிஎஸ்' என்ற விளம்பரத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே எம்பி என்பது மெகாபிட், மெகாபைட் அல்ல. எட்டால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட். ஒரு ஜிபி சினிமா, எல்லாம் சரியாக இருந்தால், 80 விநாடியில் இறங்கும். பத்து விநாடியில் அல்ல.

இணையத்தில் போகும் படம் முழுசாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட். மூன்று எம்பி படத்துக்கு ஏறத்தாழ 2,000 பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் போய்ச்சேர வேண்டிய எண் முகவரி எழுதியிருக்கும். அதுதான் ஐபி முகவரி. வெவ்வேறு வழியாகப் போனாலும், முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தாலும், அந்தப் பக்கம் வரிசைப்படுத்தி ஒட்டிக்கொள்ளும். எது வரவில்லையோ அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும். வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் 1974-இல் எழுதிவைத்த ஏற்பாட்டின் அடிப்படையில்தான் இன்றும் இது நடக்கிறது.

அந்தப் பாக்கெட்டுகள் சாட்டிலைட் வழியாகப் போகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பெரும்பகுதி கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகவே போகிறது. நடுக்கடலில் அந்தக் கேபிள் தோட்டத்துக் குழாயின் பருமன்தான் இருக்கும். உள்ளே தலைமுடி அளவு இழைகளில் ஒளி ஓடுகிறது. இந்தியாவில் இந்தக் கேபிள்கள் கரையேறும் முக்கியமான இடங்கள் மும்பையும் சென்னையும். சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகவே கேபிள் போகிறது. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா பக்கம் கடலில் கேபிள்கள் அறுந்தபோது, அவ்வளவு தூரத்தில் இருந்த இந்தியாவில் இணையம் தவழ்ந்தது. அந்தமானில் 2020 ஆகஸ்ட் வரை சாட்டிலைட்டை நம்பியே காலம் தள்ளினார்கள். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்ட பிறகுதான் போர்ட் பிளேரில் வேகமான இணையம் கிடைத்தது. மெரினாவில் கால் நனைக்கும்போது இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கத் தோன்றும்.

வேறொருவர் வீட்டு அலமாரி

இனி கிளவுட். மேகம் என்ற பெயரே ஆளைத் திசைதிருப்பிவிடுகிறது. மேலே ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், இடைவிடாமல் குளிரூட்டப்பட்ட அறையில், வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். கிளவுடில் வைப்பது என்றால் நம் சாமானை அவர்கள் அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டும்போது இணையம் வழியாகக் கேட்டு வாங்குவது. சாவி நம் கடவுச்சொல். கூகுள் கணக்கு வைத்திருப்பவருக்கு 15 ஜிபி இலவசம். ஆனால் அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் முதல் தேதிக்குப் பின் ஏற்றிய படங்களெல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

பேக்கப் என்பது மாற்றுப் பிரதி. ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால்தான் அது பேக்கப். இங்கேதான் பல குடும்பங்கள் படத்தைப் பறிகொடுக்கின்றன. 'கிளவுடில் ஏறிவிட்டது' என்ற தைரியத்தில் கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து, அதிலேயே படத்தை அழித்தால், போனிலும் போகும், கிளவுடிலும் போகும். அந்த ஆப் இரண்டு இடத்தையும் சேர்த்தே பார்க்கிறது. கிளவுடில் விட்டுவிட்டு போனில் மட்டும் நீக்குவதற்கு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனி வசதி இருக்கிறது. தவறி அழித்தாலும் உடனே கலங்க வேண்டாம். அழித்த படம் முதலில் குப்பைத்தொட்டிக்குப் போகும். கிளவுடில் ஏறியிருந்த படம் அங்கே 60 நாள் இருக்கும், ஏறாத படம் 30 நாள். அதற்குள் மீட்டுவிடலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேறு கணக்கு. போய்ச் சேர்ந்த செய்தியைத் தன் சர்வரில் வைத்துக்கொள்வதில்லை என்று அந்த நிறுவனம் சொல்கிறது. சேராத செய்தி மட்டும் 30 நாள் வரை காத்திருக்கும். அதனால் அம்மாவின் போன் தண்ணீரில் விழுந்தாலும், மகன் போனில் இருக்கும் பிரதியைத் திருப்பி வாங்கலாம். ஆனால் வாட்ஸ்அப் பொதுவாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்ட நினைத்தால், மூலப் படமே கையில் இருக்க வேண்டும்.

முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள்

இன்டர்நெட், வெப் இரண்டும் ஒன்றல்ல. இன்டர்நெட் என்பது கம்பியும் கேபிளும் பாக்கெட்டும் சேர்ந்த பாதை. வெப் என்பது அந்தப் பாதையில் ஓடும் ஒரு வண்டி, பக்கங்களையும் அவற்றை இணைக்கும் சுட்டிகளையும் கொண்டது. ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ அதற்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார். மின்னஞ்சல் அதற்கும் மூத்தது. ரே டாம்லின்சன் முகவரியின் நடுவில் 'அட்' குறியைப் போட்டது 1971-இல். இந்தியப் பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

வெப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள் பிரவுசர், தமிழில் உலாவி. குரோம் ஒரு உலாவி. கூகுள் ஒரு தேடுபொறி. அதாவது, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடிச் சொல்லும் சேவை. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் வங்கியின் முகவரியை உலாவியில் நேராக அடிப்பவர் வங்கிக்குப் போகிறார். வங்கி பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுபவர் முன் வரும் எண், யாரோ ஒரு திருடன் பரப்பிவைத்த எண்ணாகவும் இருக்கலாம். அப்படித் தேடி, அகப்பட்ட எண்ணுக்குப் பேசி, சேமிப்பை இழந்தவர்கள் ஏராளம்.

வெப் முகவரியைப் படிப்பது தனிக் கலை. எல்லோரும் இடமிருந்து படிக்கிறார்கள். பார்க்க வேண்டியது கடைசி. தபால் உறையில் பெயர், தெரு, ஊர், மாவட்டம் என்று எழுதுகிறோம். மாவட்டம் மாறினால் மேலே எந்தத் தெருப் பெயர் இருந்தும் பயனில்லை. இதுவும் அதே மாதிரி. முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அங்கே 'ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால் இந்திய அரசு சார்ந்த தளம். தனியாருக்கு அந்த முகவரி கிடைக்காது. அதே எழுத்துகள் நடுவில் வந்து, முடிவில் வேறு ஏதோ பெயரும் 'டாட் காம்' என்றும் இருந்தால், உரிமையாளர் அந்தக் கடைசிப் பெயருக்காரர், அரசல்ல. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன.

முகவரிக்கு முன்னால் வரும் 'எச்டிடிபிஎஸ்', சில உலாவிகளில் தெரியும் பூட்டு, இரண்டையும் பார்த்து 'பாதுகாப்பான தளம்' என்று நம்பிவிடுகிறார்கள். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாதபடி உறை ஒட்டப்பட்டிருக்கிறது. உறையை வாங்குபவர் நல்லவரா என்று அது சொல்லாது. திருடனும் இலவசமாகவே அந்தப் பூட்டை வாங்கிக்கொள்ள முடியும்.

திருடர்கள் குறிவைக்கும் சொற்கள் இன்னும் இரண்டு. ஓடிபி என்பது ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல். யுபிஐ பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகக் கொடுக்கும் கையெழுத்து. பணம் வாங்குவதற்கு பின் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் போடுறேன், பின் நம்பர் அடிங்க" என்று யார் சொன்னாலும், எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும், பணம் போகப்போவது நம்மிடமிருந்துதான். ஏமாந்துவிட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

தமிழில் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். கணிப்பொறி போய்க் கணினி நிலைத்துவிட்டது. இணையம், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் பேருந்தில்கூடக் காதில் விழுகின்றன. பத்திரிகை வாசகர்களுக்கு எழுத்தாளர் சுஜாதா கம்ப்யூட்டரை அலுக்காமல் விளக்கினார். மணவை முஸ்தபா கணினிச் சொற்களுக்கெனத் தனி அகராதியே தொகுத்தார். இடறும் இடங்களும் உண்டு. 'செயலி' என்ற சொல் ஆப்பையும் குறிக்கிறது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரையும் குறிக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒன்றைப் படித்த மாணவர் செய்தித்தாளில் இன்னொன்றைப் படித்துத் திகைக்கிறார். புதிதாகக் கற்பவர்களுக்கு இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதே நல்லது. கடையில் பேச 'ஸ்டோரேஜ்' வேண்டும். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டவர் 'சேமிப்பகம்' என்று பார்த்ததும் அதே அலமாரி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்போன் கடையில் இப்போது கூட்டம் குறைந்திருக்கிறது. தம்பி அம்மாவிடமே போனைக் கொடுத்து, விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுகிறார். காதுகுத்துப் படங்கள் பதினாலும் கிளவுடில் ஏறியிருக்கின்றன. பழைய குட்மார்னிங் படங்கள் முந்நூறுக்கு மேல். அம்மா அவற்றைத் தானே அழிக்கிறார். நடுவில் ஒரு கோவில் படமும் சேர்ந்து போய்விடுகிறது.

"ஐயோ, தம்பி!"

"ஒண்ணும் இல்லம்மா. குப்பைத்தொட்டிலதான் இருக்கும்."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.

"இது மேல ஏறுன படமா, ஏறாத படமா? அதப் பார்த்துச் சொல்லு. அறுபது நாளா, முப்பது நாளான்னு தெரியணும்ல?"